மூன்றாண்டு ஃபார்ம்.டி. உண்மையில் மலிவா?

கேள்வி, 2024 மார்ச் 3

2014-இல் பி.ஃபார்ம். முடித்தேன். சென்னையில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் ஐந்து ஆண்டு வேலை. இப்போது கணவரின் எச்-1பி வேலை விசாவோடு ஒட்டிய எச்-4 துணைவர் விசாவில் அமெரிக்காவில் இருக்கிறேன். இங்கே மருந்தாளுநர் ஆக வேண்டும். அதற்கு இங்கே படிக்க வேண்டிய பட்டமான ஃபார்ம்.டி.யை நான்காண்டு படிக்கப் பொறுமையும் இல்லை, பணமும் இல்லை. மூன்றாண்டில் முடிகிற, செலவு குறைந்த கல்லூரி எது? எம்.ஃபார்ம். இருந்தால் ஃபார்ம்.டி. படிக்காமலே தேர்வு எழுதலாம் என்கிறார்களே, உண்மையா?

பதில், 2024 மார்ச் 4

கல்லூரிப் பெயரைத் தேடுவதற்கு முன்னால் எந்த வாசலில் நிற்கிறோம் என்று பாருங்கள். வெளிநாட்டில் ஃபார்மசி படித்தவர்களுக்கு என்.ஏ.பி.பி. என்ற அமைப்பு எஃப்.பி.ஜி.இ.இ. தேர்வு நடத்துகிறது. அதையும் டோஃபல் ஆங்கிலத் தேர்வையும் தேறி, மாநிலம் கேட்கும் பயிற்சி மணிநேரத்தை முடித்தால், இங்கே படித்தவர்களைப் போலவே நாப்ளெக்ஸ் எழுதி உரிமம் வாங்கலாம். ஆனால் 2003 ஜனவரி 1 முதல் பட்டம் பெற்றவர்களுக்கு ஐந்தாண்டுப் பாடத்திட்டம் வேண்டும். நம் பி.ஃபார்ம். நான்காண்டு. ஓராண்டு குட்டை, அவ்வளவுதான் அதன் குற்றம். 2002-இல் முடித்த என் சித்தி மகள் அதே பாடத்தைப் படித்துவிட்டு இந்த வாசலில் நுழைந்துவிட்டாள். நான் முடித்தது 2009-இல். வெளியே நின்றேன்.

எம்.ஃபார்ம். இருந்தால் இரண்டும் சேர்ந்து ஆறாண்டு ஆகிறது, ஆகவே எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாண்டுக் கல்லூரிகள் என்று கேட்டால் சட்டென்று நினைவுக்கு வருபவை: கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் யுனிவர்சிட்டி ஆஃப் த பசிஃபிக், நெவாடாவிலும் யூட்டாவிலும் இயங்கும் ரோஸ்மன், பென்சில்வேனியாவின் எரி நகரில் லீகாம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் லேக் எரி கல்லூரி, வர்ஜீனியா மலைப்பகுதியில் அப்பலாச்சியன் ஃபார்மசி கல்லூரி, மாசசூசெட்ஸின் வூஸ்டரில் எம்.சி.பி.எச்.எஸ். இவற்றில் லீகாம் தனியார் கல்லூரிகளுக்குள் கட்டணம் குறைவு என்று பெயர் எடுத்தது. நானும் மூன்றாண்டுப் படிப்பில்தான் சேர்ந்தேன். கோடை விடுமுறை என்பதை மறந்துவிட்டால் நடக்கக்கூடிய காரியம்தான்.

2024 மார்ச் 6

நேற்று முன்தினம் எம்.ஃபார்ம். பற்றி எழுதியது தவறு. சித்தி மகளே அழைத்துத் திட்டினாள். முதல் ஃபார்மசி பட்டத்தின் பாடத்திட்டமே ஐந்தாண்டாக இருக்க வேண்டும். மேற்படிப்பை அதன் தலையில் வைத்துத் தைக்க முடியாது. எம்.ஃபார்ம். தங்கப் பதக்கத்தோடு வந்தாலும் அந்த ஓராண்டுக் குறை அப்படியே இருக்கும். என் பேச்சை நம்பி யாராவது விண்ணப்பக் கட்டணம் கட்டியிருந்தால் மன்னிக்கவும்.

இந்தியாவில் 2008-இல் தொடங்கிய ஆறாண்டு ஃபார்ம்.டி. படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் இந்த இழையைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

2024 மார்ச் 9

இனி பணம். மூன்றாண்டு என்றால் முக்கால் விலை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படி இல்லை. நான்கு ஆண்டுப் பாடத்தைத்தான் கோடையையும் சேர்த்து மூன்றில் அடைக்கிறார்கள். கட்டணத்தையும் கூடவே அடைத்துவிடுகிறார்கள். அதனால் ஆண்டுக் கட்டணத்தைப் பார்க்காமல், முதல் நாளிலிருந்து பட்டம் வரை மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

கணக்குப் புரிவதற்காக நானே எண்களை வைத்துக்கொள்கிறேன். எந்தக் கல்லூரியின் கட்டணமும் அல்ல. மூன்றாண்டுத் தனியார் கல்லூரி ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 1,50,000. நான்காண்டு அரசுப் பல்கலைக்கழகம், அந்த மாநிலத்தில் குடியிருப்போருக்கான உள்மாநிலக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000, மொத்தம் 1,00,000. வாழ்க்கைச் செலவு ஆண்டுக்கு 24,000 என்றால் ஒன்றில் 72,000, மற்றதில் 96,000. ஆக, 2,22,000-க்கு எதிராக 1,96,000. அரசுக் கல்லூரி மலிவு.

பொறுங்கள். மூன்றாண்டில் முடித்தவர் நான்காம் ஆண்டில் சம்பளம் வாங்குவார். வரி போகக் கையில் 80,000 என்று வைத்தால், அதை இழப்பவர் நான்காண்டு படிப்பவர். அவர் கணக்கு 2,76,000. மூன்றாண்டுதான் வெல்கிறது, 54,000 டாலர் வித்தியாசத்தில்.

இதனால்தான் மூன்றாண்டு என்று நான் சொல்வது.

2024 மார்ச் 10

ஃபார்மசி கல்லூரிச் சேர்க்கைக்கான பிகேட் தேர்வுக்குப் பழைய புத்தகம் விற்கிறேன் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். வாங்காதீர்கள். அந்தத் தேர்வே 2024 ஜனவரியோடு மூடப்பட்டுவிட்டது.

2024 மார்ச் 24

இரண்டு வாரமாக என் கணக்கே என்னை உறுத்துகிறது. அதில் மூன்று ஓட்டை.

முதலாவது, வாடகை. கேள்வி கேட்டவர் கணவரோடு ஒரு வீட்டில் இருக்கிறார். படித்தாலும் படிக்காவிட்டாலும் அந்த வாடகையும் மற்ற வாழ்க்கைச் செலவும் போகத்தான் போகின்றன. அதைக் கல்லூரிச் செலவில் எழுதியது அபத்தம். அதை எடுத்துவிட்டால் 1,50,000-க்கு எதிராக 1,80,000. வித்தியாசம் 30,000-ஆகச் சுருங்குகிறது.

இரண்டாவது ஓட்டை பெரிது. நான் பட்டியல் போட்ட மூன்றாண்டுக் கல்லூரிகள் எல்லாம் சிற்சில ஊர்களில்தான் இருக்கின்றன. உங்கள் வீடு ஸ்டாக்டனிலோ எரியிலோ இல்லையென்றால் நீங்கள் மட்டும் போய் அறை எடுக்க வேண்டும். இரண்டாவது வாடகை, இரண்டாவது மின்கட்டணம், மாதம் ஒருமுறை விமான டிக்கெட். அந்த 72,000 மறுபடி வந்து உட்காரும், ஆனால் மூன்றாண்டுப் பக்கம் மட்டும். 2,22,000-க்கு எதிராக 1,80,000. இப்போது வீட்டுக்குப் பக்கத்திலுள்ள நான்காண்டு அரசுக் கல்லூரி 42,000 டாலர் மலிவு!

மூன்றாவது, சம்பளம். எச்-4-இல் இருப்பவருக்கு வேலை அனுமதி அட்டை இல்லையென்றால், ஃபார்ம்.டி. கையில் இருந்தாலும் ஒரு நாள் சம்பளம் கிடையாது. கணவருக்கு ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஒப்புதல் ஆகியிருந்தால்தான் அந்த அட்டைக்குப் பொதுவாக விண்ணப்பிக்கவே முடியும். அட்டை இல்லாதவர், என் கணக்கிலிருந்து 80,000 என்ற வரியை முழுதாக அடித்துவிட்டுப் பாருங்கள். வேகமாக முடித்துவிட்டு வீட்டில் உட்காருவதற்கு யாரும் அதிகப் பணம் கொடுக்க மாட்டார்கள்.

அதாவது மார்ச் 9-இல் அவ்வளவு உறுதியாகச் சொன்னது, கல்லூரி உள்ளூரிலேயே இருந்து வேலை அனுமதியும் இருக்கும் ஒருவருக்குப் பொருந்தும். நம்மில் அப்படி எத்தனை பேர் என்று தெரிந்துதான் எழுதினேனா என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

உள்மாநிலக் கட்டணம் பற்றிக் கேட்டவருக்கு: பல மாநிலங்களில் எச்-4-இல் இருப்பவர் ஓராண்டு குடியிருந்ததைக் காட்டினால் கிடைக்கும். எஃப்-1 மாணவர் விசாவுக்குப் பொதுவாகக் கிடைக்காது. சேர்ந்த கையோடு எஃப்-1-க்கு மாறிவிடலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

2024 ஏப்ரல் 2

வேகமும் மலிவும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் ஒன்று உண்டு. ஃபார்ம்.டி.க்குள் அல்ல, அதற்கு முன்னால்.

எல்லாக் கல்லூரிகளும் முன்தேவைப் பாடங்கள் கேட்கும்: கரிம வேதியியல், உடற்கூறியல், நுண்ணுயிரியல், கால்குலஸ், புள்ளியியல், பொருளாதாரம், ஆங்கிலக் கட்டுரை, மேடைப்பேச்சு. நம் பி.ஃபார்ம். மதிப்பெண்களை டபிள்யூ.ஈ.எஸ். போன்ற ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தில் கொடுத்துப் பாடவாரியாக மதிப்பிட்டு வாங்கினால், அறிவியல் பாடங்களில் பெரும்பகுதியைச் சில கல்லூரிகள் ஏற்கும். சில ஏற்காது, அமெரிக்கக் கல்லூரியில் இத்தனை கிரெடிட் (பாட அளவின் அலகு) படித்தே தீர வேண்டும் என்னும். சிலவற்றில் பத்தாண்டுக்கு முந்தைய அறிவியல் செல்லாது. ஒரே மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி என்னிடம் 9 கிரெடிட் கேட்டது, இன்னொன்று 34 கேட்டது. இந்த வித்தியாசமே ஓராண்டு. விண்ணப்பிப்பதற்கு முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

மீதியை உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் படியுங்கள். அங்கே ஒரு கிரெடிட்டின் விலை பல்கலைக்கழகத்தின் விலையில் ஒரு சிறு பங்கு. பொருளாதாரம் போன்றவற்றுக்கு சி.எல்.ஈ.பி. என்று ஒரு தேர்வு இருக்கிறது. எழுதித் தேறினால் வகுப்பே வேண்டாம். எல்லா ஃபார்மசி கல்லூரியும் அதை ஏற்பதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

மேடைப்பேச்சு மட்டும் வகுப்பில் உட்கார்ந்தே படித்தேன். பயந்து செத்தேன். ஏழு நிமிடம் ஏதாவது ஒன்றைச் செய்து காட்டிப் பேச வேண்டும். முன்னால் பேசிய பையன் டயர் மாற்றுவது எப்படி என்று ஜாக்கியைக் கொண்டுவந்து காட்டினான். எனக்கு என்ன தெரியும்? முதலாண்டு ஆய்வகத்தில் பொடிப் பொட்டலம் மடித்தது நினைவுக்கு வந்தது. வெள்ளைத்தாள் கட்டும் சர்க்கரைப் பொடியும் எடுத்துக்கொண்டு போய், மேஜைமேல் பத்துத் தாளை வரிசையாகப் பரப்பி, பொடியைப் பங்கிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக மடித்துக்கொண்டே பேசினேன். கை வேலை செய்யும்போது வாய் தானாக ஓடியது. கடைசியில் பத்துப் பொட்டலத்தையும் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கிக் காட்டியபோது, ஒரு மில்லிமீட்டர் கூடப் பிசகாமல் எல்லாம் ஒரே அளவு. ஆசிரியர் ஒன்றைப் பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊர்ப் பழைய ஆய்வக உதவியாளர், பொட்டலம் கோணினால் பிரித்து முதலிலிருந்து மடிக்கச் சொல்வார். அவருக்குத்தான் அந்த ஏ கிரேடு போக வேண்டும்.

2024 ஏப்ரல் 2, இரவு

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காகக் கேட்ட அம்மாவுக்கு: உங்கள் கதை வேறு. பள்ளி முடித்த கையோடு சேரும் 2+4 ஆறாண்டுத் திட்டங்கள் உள்ளன, முன்தேவைப் பாடங்கள் இரண்டாண்டு, ஃபார்ம்.டி. நான்காண்டு. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் அரசுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 2+3 திட்டங்களும் உண்டு. பள்ளியிலேயே கல்லூரிக் கிரெடிட் சேர்த்தால் நல்லது. ஆனால் பதினாறு வயதில் ஃபார்மசி என்று அவளே சொன்னாளா, நீங்கள் சொன்னீர்களா?

2024 மே 19

“பன்னிரண்டு மாதத்தில் ஆன்லைனில் ஃபார்மசி பட்டம்” என்ற விளம்பரத்தை மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். அது மருந்தக உதவியாளர் சான்றிதழ். டெக்னீஷியன் வேலை கௌரவமான வேலைதான், வேலை அனுமதி உள்ள பி.ஃபார்ம். தோழிகள் சிலர் அதில் நுழைந்து கடையின் நெளிவுசுளிவு கற்றுக்கொண்டு பிறகு ஃபார்ம்.டி. சேர்ந்தார்கள். ஆனால் அது மருந்தாளுநர் உரிமத்துக்கு வழி அல்ல.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும், ஃபார்மசி படிப்புகளை அங்கீகரிக்கும் ஏ.சி.பி.இ. அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே மூன்று நிலை: முன்வேட்பாளர், வேட்பாளர், முழு அங்கீகாரம். வேட்பாளர் நிலைக் கல்லூரியில் பட்டம் பெற்றவருக்கும் முழு அங்கீகாரக் கல்லூரியின் பட்டதாரிக்கும் உரிமை ஒன்றே. முன்வேட்பாளர் நிலையில் உள்ள புதுக் கல்லூரிதான் சூதாட்டம். அது மேலே ஏறாமல் நின்றுவிட்டால் உங்கள் பணமும் நின்றுவிடும்.

அதே வேகத்தில் இன்னும் இரண்டு எண்ணைப் பாருங்கள். ஒன்று, அந்தக் கல்லூரியின் பட்டதாரிகள் முதல் முறையிலேயே நாப்ளெக்ஸ் தேறும் விகிதம். இரண்டு, குறித்த காலத்தில் பட்டம் பெறுபவர் விகிதம். இரண்டையும் கல்லூரியே தன் தளத்தில் வெளியிட்டாக வேண்டும். மூன்றாண்டுக் கல்லூரிக்கு இரண்டாவது எண்தான் உயிர்நாடி. நூறு பேர் சேர்ந்து எத்தனை பேர் மூன்றாண்டில் வெளியே வந்தார்கள்? அதைப் பார்க்காமல் மூன்றாண்டு என்று சொல்வது வெறும் விளம்பரப் பலகை.

2024 ஜூன் 8

“நீங்கள் மூன்றாண்டில் முடித்தீர்களா?”

மே 19 குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் இப்படிக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதி எழுதி அழித்தேன்.

இல்லை. நான்காண்டு ஆனது.

மேலே போய்ப் பாருங்கள், மூன்றாண்டுப் படிப்பில் “சேர்ந்தேன்” என்றுதான் எழுதியிருக்கிறேன். பொய் இல்லை, ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

முதலாண்டு இறுதியில் மருந்தியக்கவியல், அதாவது மருந்து உடலுக்குள் போய் வெளியேறும் கணக்கு. தேறுவதற்கு 70 வேண்டும், எனக்கு 68.6. கடைசித் தேர்வில் ஒரு கேள்வி. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் கண்டுபிடித்து, அதற்கேற்ப வான்கோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியின் அளவு எழுத வேண்டும். 140-இலிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்கும் அதே சூத்திரம், கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். நோயாளியின் எடை 176 என்று இருந்தது. 176-ஐ அப்படியே போட்டேன். அது பவுண்டு. 2.2-ஆல் வகுத்தால் 80 கிலோ. 176 கிலோ மனிதருக்கு மருந்து எழுதுகிறோமே என்று ஒரு நொடிகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. முதல் வரி தப்பானதால் அதைத் தொடர்ந்த நான்கு உட்கேள்வியும் போயிற்று.

நான்காண்டுக் கல்லூரியில் இருந்திருந்தால் கோடையில் மறுபடி படித்து, இலையுதிர் பருவத்தில் அதே வகுப்போடு சேர்ந்திருக்கலாம். மூன்றாண்டுப் படிப்பில் கோடை என்ற ஒன்றே இல்லை. அந்தப் பாடம் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். அடுத்த பாடங்கள் எல்லாம் அதன்மேல் ஏறி நிற்பவை. ஆகவே ஒரு பாடத்துக்காக ஓர் ஆண்டு காத்திருந்து, அடுத்த வகுப்போடு சேர்ந்தேன். அந்தப் பாடத்துக்கு மறுகட்டணம், இன்னும் ஓராண்டு அறை வாடகை, ஓராண்டு சம்பள இழப்பு. 1.4 மதிப்பெண்ணின் விலை அது.

எல்லாக் கல்லூரியும் இப்படி இல்லை. ரோஸ்மனில் ஒரு நேரத்தில் ஒரு பாடத்தொகுதி, இரண்டு வாரத்துக்கு ஒரு தேர்வு போல நடக்கிறது. 90 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி, எடுக்காதவர் மறுபயிற்சி முடித்து மறுபடி எழுதலாம். 90 என்றதும் நான் அதைத் தாண்டி ஓடினேன். இப்போது யோசித்தால் என்னைப் போன்றவளுக்கு அதுவே பொருத்தமாக இருந்திருக்கும். தப்பு இரண்டு வாரத்தில் தெரிந்திருக்கும், ஆண்டு முடிவில் தெரிந்திருக்காது.

ஆகவே எந்த மூன்றாண்டுக் கல்லூரியிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணம் அல்ல. “ஒரு பாடத்தில் தவறினால் நான் என்ன ஆவேன்?” என்பதுதான். மாணவர் கையேட்டில் இருக்கும். படித்துப் பாருங்கள்.

2024 ஜூன் 9

நேற்றைய குறிப்புக்கு வந்த ஆறுதல்களுக்கு நன்றி. “அவ்வளவு கெட்டிக்காரி நீங்கள், எப்படித் தவறினீர்கள்?” என்று கேட்டவருக்கு மட்டும்: கெட்டிக்காரத்தனம் வேறு ஊர் மொழியில் இருந்தது. முதல் மாதத்து மருந்துப்பெயர்த் தேர்வில் பாராசிட்டமால் என்று எழுதிப் பூஜ்யம் வாங்கினேன், இங்கே அது அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால் இங்கே அல்பியூட்டெரால். கிளிபென்கிளமைடு கிளைபுரைடு. அட்ரினலின் எபிநெஃப்ரின். ஐந்தாண்டு இந்திய மருந்தகத்தில் நின்ற கேள்விக்காரர் இதை இப்போதே உருப்போடத் தொடங்கலாம், காசு செலவில்லை.

2024 ஜூன் 30

பயிற்சிக்கு முன்னால் இன்டர்ன் உரிமம், அதாவது பயிற்சி மாணவருக்கான உரிமம், வாங்க வேண்டும் என்று மறந்துவிட்டேன். நான் படித்த மாநிலத்தில் ஓர் அலுவலகம் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் விண்ணப்பத்தை வாங்க மறுத்தது. வேலை அனுமதி இல்லாத எச்-4-க்கு அந்த எண்ணைக் கொடுக்க மாட்டார்கள். எண் இல்லை என்பதற்குச் சான்று கொண்டுவா என்று ஒரு சாளரம், அப்படிச் சான்று தருவதில்லை என்று இன்னொரு சாளரம். ஐந்து வாரம் அலைந்தேன். கல்லூரியின் பயிற்சி ஒருங்கிணைப்பாளர் அவர்களோடு பேசிய பிறகு ஒரே நாளில் முடிந்தது. சேர்க்கை நேர்காணலிலேயே இதைக் கேளுங்கள்: எச்-4 மாணவர் யாராவது இதற்கு முன் இங்கே பயிற்சி முடித்திருக்கிறார்களா? “தெரியவில்லை” என்று பதில் வந்தால் நீங்கள்தான் முதல் ஆள் என்று அர்த்தம்.

2024 செப்டம்பர் 15

கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி. இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறதாம். ஒன்று, வேறு மாநிலத்தில் மூன்றாண்டு. இன்னொன்று, வீட்டிலிருந்து நாற்பது நிமிடத் தூரத்தில் நான்காண்டு அரசுப் பல்கலைக்கழகம். எதில் சேர்வது என்று கேட்கிறார்.

மூன்று விஷயம் கேட்டுப் பாருங்கள்.

நாற்பது நிமிடக் கல்லூரியில், வெளிநாட்டு ஃபார்மசி பட்டதாரியை நேராக இரண்டாம் ஆண்டில் சேர்க்கும் வழி இருக்கிறதா? சில கல்லூரிகளில் இருக்கிறது. இருந்தால் நான்கு மூன்றாகிவிடும், அதுவும் வீட்டுச் சாப்பாட்டோடு.

அது இல்லையென்றால் பாட விலக்கு. உயிர்வேதியியல், மருந்து வடிவமைப்பு போன்றவை நீங்கள் ஏற்கெனவே படித்தவை. ஒரு பாடம் விலகினால்கூட அந்தப் பருவத்தில் மூச்சு விடலாம்.

மூன்றாவது, பேரம். நம் ஆட்களுக்குக் கீரைக்காரரிடம் வருகிற பேச்சு, கல்லூரி நிதியுதவி அலுவலகத்தில் வராது. 2000-க்குப் பிறகு இங்கே ஃபார்மசி கல்லூரிகள் மளமளவென்று பெருகின. கடந்த பத்தாண்டில் விண்ணப்பங்கள் குறைந்துகொண்டே வந்தன. இடங்கள் காலியாக இருக்கின்றன. மூன்றாண்டுக் கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தை மரியாதையாக இணைத்து, “உங்களிடம் சேரவே விருப்பம், உதவித்தொகையை மறுபரிசீலனை செய்ய முடியுமா?” என்று இரண்டே வரி எழுதுங்கள். மறுத்தால் நட்டம் ஒன்றுமில்லை. நான் எழுதவில்லை. என் பக்கத்து நாற்காலிக்காரி எழுதினாள், கிடைத்தது. அதை இரண்டாம் ஆண்டில்தான் எனக்குச் சொன்னாள், பாவி.

தொலைவழி பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். நெப்ராஸ்காவின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் 2001-இலிருந்து ஃபார்ம்.டி.யைத் தொலைவழியில் நடத்துகிறது. பாடம் வீட்டிலிருந்து, கோடையில் ஆய்வகத்துக்கு அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒமாஹா நகருக்குப் போக வேண்டும். வேகம் இல்லை, ஆனால் இரண்டாவது வாடகையும் இல்லை. என் மார்ச் 24 கணக்கை மறுபடி பாருங்கள், வாடகை எவ்வளவு பெரிய எண் என்று தெரியும்.

2024 அக்டோபர் 1

அரசுக் கல்லூரியில் சேர்கிறாராம். இரண்டாம் ஆண்டு நேர்ச்சேர்க்கை இல்லை. இரண்டு பாட விலக்கும் சிறு உதவித்தொகையும் கிடைத்தன. மார்ச்சில் மூன்றாண்டு மூன்றாண்டு என்று கத்தியவள் நான். அக்டோபரில் நான்காண்டுக்கு வாழ்த்துச் சொல்கிறேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

2025 ஜூலை 20

கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் மட்டும் படிக்கவும். எச்-4-க்கும் எஃப்-1-க்கும் கூட்டாட்சிக் கல்விக்கடன் எப்போதுமே இல்லை, ஆகவே நமக்கு இதில் இழக்க ஒன்றுமில்லை.

ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தால், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற மேற்படிப்புக் கூட்டாட்சிக் கடன் கிடையாது. இதுவரை கல்லூரி சொல்லும் முழுச் செலவுக்கும் அதில் வாங்க முடிந்தது. இனி தொழிற்பட்டம் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு. ஃபார்ம்.டி. அந்தத் தொழிற்பட்ட வகையில் வருகிறது.

மொத்தத்தைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். கடிப்பது ஆண்டு வரம்பு. அதே பாடத்தையும் கட்டணத்தையும் மூன்றில் அடைக்கும்போது ஒவ்வோர் ஆண்டின் சுமையும் பெருகுகிறது. நான்காண்டில் வரம்புக்குள் அடங்கும் செலவு மூன்றாண்டில் வழிந்துவிடலாம். வழிந்த பகுதிக்கு வங்கியின் தனியார் கடன், அதற்குப் பிணைக் கையெழுத்து, வட்டி வேறு. கோடையும் சேர்த்து ஓடும் மூன்று நாள்காட்டி ஆண்டுகளை எத்தனை கல்வியாண்டாகக் கணக்கிடுகிறீர்கள் என்று நிதியுதவி அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். அந்த ஒரு பதிலில் வரம்பின் அர்த்தமே மாறும்.

மார்ச் 9 கணக்கை இந்தக் கோணத்தில் மறுபடி போட்டுத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். அந்தக் கணக்கு ஏற்கெனவே போதுமான அளவு அடிவாங்கிவிட்டது.

2025 அக்டோபர் 12

நம் கேள்விக்காரர் முதல் பருவத்தில் இருக்கிறார். மருந்துத் தயாரிப்பு ஆய்வகத்தில் பொடிப் பொட்டலம் வந்ததாம், ஓரம் பிரிந்துகொண்டே இருக்கிறதாம். மேடைப்பேச்சுக் கதையில் நீங்கள் எப்படி மடித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். பி.ஃபார்ம். படித்தவர் இதைக் கேட்கலாமா!

தாளில் உங்களுக்கு எதிரே உள்ள நீள ஓரத்தை முதலில் அரை அங்குலம் உங்கள் பக்கமாக மடித்துக்கொள்ளுங்கள். பொடி நடுவில். உங்கள் பக்கத்து ஓரத்தைத் தூக்கி அந்த மடிப்புக்குள் செருகுங்கள், மேலே வைக்காதீர்கள். பிறகு மடிப்பைக் கீழ்நோக்கி இறக்குங்கள். கடைசியில் இரண்டு முனைகளையும் பொட்டலப் பெட்டியின் மேலேயே வைத்து ஒரே அளவில் பின்னால் மடித்து அழுத்துங்கள். உங்களுக்குப் பிரிவது, செருகாமல் மேலே வைப்பதால்தான். நகத்தால் தேய்க்காதீர்கள், தாள் பளபளத்து மதிப்பெண் போகும். கரண்டியின் தட்டைப் பக்கத்தால் தேயுங்கள்.